மனசு சரியில்லை, எங்கே போவது? மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் பத்தொன்பது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கூட்டம் இருக்கும்போது இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. மத்தியானம் கடை காலியாக இருக்கும் நேரம் பார்த்து வருவார்கள். ஒரு தலைவலி மாத்திரை வாங்குவார்கள். சில்லறையை எண்ணிக்கொண்டே, "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்பார்கள்.

என் தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் மனநோய் வந்தபோது, எங்கே போவதென்று தெரியாமல் எட்டு மாதம் அலைந்தோம். கடைசியில் சிகிச்சை கிடைத்த இடம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில்தான் இருந்தது. அந்த எட்டு மாதம் வேறு யாருக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் கிடையாது. என்ன நோய் என்று சொல்ல மாட்டேன். எந்தக் கதவைத் தட்டலாம் என்று சொல்ல முடியும்.

உங்கள் வீட்டில் இந்த நிமிடமே யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் மேலே படிக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் 14416.

எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலக்கா. முதல்ல யாரைக் கேக்கணும்?

14416-ஐ அழையுங்கள். இதன் பெயர் டெலி மானஸ். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கிய சேவை. பெங்களூருவில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல நிறுவனம் இதற்கு வழிகாட்டுகிறது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அந்த எண் கிடைக்காவிட்டால் 1800-891-4416.

முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். அவரால் முடியாத விஷயமென்றால் மனநல மருத்துவர் போன்ற மேல்நிலை நிபுணரிடம் இணைப்பார்கள். நேரில் போகவேண்டிய நிலைமை என்றால் உங்கள் மாவட்டத்தில் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி விஷயம்தான். எங்கே போவது என்று தெரியாமல்தானே பாதிப்பேர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறோம். தமிழ்நாடு அரசின் 104 உடல்நல உதவி எண்ணிலும் மனநல ஆலோசனை கேட்கலாம்.

போன் பண்ணா என்ன கேப்பாங்க? என் பேரு, ஊரு எல்லாம் சொல்லணுமா?

என்ன கஷ்டம், எத்தனை நாளாக, தூக்கம் சாப்பாடு எப்படி, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். "சாகலாம்னு தோணுதா?" என்றும் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பயப்பட வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். ஊர் எது என்று கேட்பது பக்கத்து மருத்துவமனையைச் சொல்வதற்காக. பெயர் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதையே முதலில் சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை என்று பலர் கையில் போனை வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். "எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல, மனசு சரியில்ல" என்று சொன்னால் போதும். மீதியை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். உங்களுக்காக மட்டுமில்லை, வீட்டில் வேறு ஒருவருக்காகவும் அழைக்கலாம்.

கவுன்சலர், சைக்காலஜிஸ்ட், சைக்யாட்ரிஸ்ட், எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து, அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர். நோய் என்னவென்று பார்த்து மாத்திரை எழுதுவது அவர் வேலை. சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்தவர். அதிலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் மருத்துவமனைப் பயிற்சியோடு படித்து, பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர், சில பரிசோதனைகளும் செய்பவர். மாத்திரை எழுத மாட்டார். கவுன்சலர் என்ற சொல்லுக்குள் பலவகைப் படிப்பு உள்ளவர்கள் வருகிறார்கள், அதைக் கொஞ்சம் பார்த்துத்தான் போக வேண்டும். கீழே தனியாகச் சொல்கிறேன்.

யாரிடம் முதலில் போவது? நான் சொல்லும் கணக்கு இது. தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றும் கெட்டுவிட்டது, யாருமே இல்லாதபோது குரல் கேட்கிறது, எல்லோரும் சதி செய்கிறார்கள் என்கிறார், சாக வேண்டும் என்கிறார் என்றால் நேராக சைக்யாட்ரிஸ்ட். வீட்டுச் சண்டை, பிரிவு, வேலைப் பதற்றம், ஒரு சாவுக்குப் பிறகு மீள முடியவில்லை என்பது போல என்றால் கவுன்சலிங்கில் ஆரம்பிக்கலாம். தப்பான ஆளிடம் முதலில் போய்விட்டாலும் பாதகமில்லை. நல்லவராக இருந்தால் அவரே சரியான ஆளிடம் அனுப்பி வைப்பார்.

இதுக்குக் கீழ்ப்பாக்கம்தான் போகணுமா? அவ்வளவு தூரமெல்லாம் முடியாது.

வேண்டாம். இந்த ஒரு எண்ணம்தான் எங்கள் வீட்டையும் எட்டு மாதம் கட்டிப்போட்டது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அங்கே இருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் அதன் கண்காணிப்பாளராக இருந்து அதை மாற்றியமைத்தவர். அந்த மருத்துவமனைக்குப் போவதில் அவமானம் எதுவுமில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே அங்கே ஓட வேண்டிய அவசியமும் இல்லை.

மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வந்தது, அதன் கீழ் 1996-இல் இந்த மாவட்டத் திட்டம் தொடங்கியது. இப்போது தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. அதன் மருத்துவர் குழு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பார்ப்பதோடு, குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் போகிறது. உங்கள் தாலுகாவுக்கு எந்தக் கிழமை என்று அந்த மருத்துவமனைச் சீட்டு கவுன்டரில் கேளுங்கள். கிழமை தெரியாமல் போய்த் திரும்பி வந்தவர்கள் நிறைய. அரசு மருத்துவக் கல்லூரி உள்ள ஊர் என்றால் அந்த மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கும்.

பெரியாஸ்பத்திரியில எந்த வரிசையில நிக்கணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?

காலையில் போங்கள். வெளிநோயாளிகளைக் காலையில்தான் பார்ப்பார்கள். ஓபி சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று சொன்னால் அறை எண் எழுதித் தருவார்கள். சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டுங்கள். ஆதார் அட்டை, பழைய சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் (சர்க்கரை, பிரஷர், தைராய்டு உட்பட) ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மாத்திரை பெயர் நினைவில்லை, வெள்ளையாக வட்டமாக இருக்கும் என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, போவதற்கு முன்னால் ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். எப்போது ஆரம்பித்தது, என்ன மாறியது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, எதற்குப் பயப்படுகிறீர்கள். கூட்டமான ஓபியில் டாக்டரிடம் கிடைக்கும் நேரம் குறைவு. அந்த நாலு வரி அந்த நேரத்தைக் காப்பாற்றும். என் அம்மா முதல் தடவை டாக்டர் முன்னால் உட்கார்ந்து அழுதார், ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டாவது தடவை நான் எழுதிக் கொடுத்தேன்.

காசு எவ்வளவு ஆகும் மேடம்? மாசா மாசம் முடியுமா தெரியல.

அரசு மருத்துவமனையில் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். நல்ல மாத்திரை வேண்டுமென்று அங்கே வாங்காமல் என் கடைக்கு வருபவர்களிடம் நான் திருப்பிச் சொல்வது: அதே மருந்துதான், அங்கேயே வாங்குங்கள். அங்கே இல்லாமல் போனால் மட்டும் வெளியே வாங்கலாம்.

தனியாரில் கட்டணம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறுகிறது. சந்திப்பு எத்தனை நிமிடம், எவ்வளவு, குறைத்துக்கொள்ள வழி உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பது தப்பில்லை. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு எப்படிக் காப்பீடு உண்டோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. பாலிசியில் என்னென்ன வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிரைவேட்ல போர்டு மாட்டியிருக்காங்க. சரியான ஆளுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சைக்யாட்ரிஸ்ட் என்றால் பெயருக்குப் பின்னால் மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். இருக்கும், மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். "உங்க பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார். கவுன்சலர் என்றால் எங்கே படித்தார், எத்தனை வருடம், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்தார் என்று கேளுங்கள். சில நாள் வகுப்பு முடித்துவிட்டு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று தடவை வந்தால் நூறு சதவீதம் குணம் என்று உறுதி சொல்பவர், டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் டாக்டர் அல்லாதவர், முதல் நாளே மொத்தப் பணத்தையும் கட்டச் சொல்பவர், உங்கள் சாதி மதத்தையோ வாழ்க்கையையோ எடைபோட்டுப் பேசுபவர், தொட்டுப் பேசுபவர். இவர்களில் ஒருவரைப் பார்த்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கவுன்சலிங்னா சும்மா பேசுறதுதானே? அதுக்கு எங்க அக்காகிட்டயே பேசிடுவேனே?

அக்காவிடம் பேசுங்கள், நிச்சயமாகப் பேசுங்கள். ஆனால் அக்காவுக்கு உங்கள் கணவரைப் பற்றி ஒரு கருத்து இருக்கும், உங்கள் மாமியாரைப் பற்றி இரண்டு கருத்து இருக்கும். அக்கா உங்களுக்காகத் துடிப்பார், உடனே ஒரு வழி சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். கவுன்சலர் அந்தக் கதைக்குள் இல்லாதவர். பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம் போல. திரும்பத் திரும்ப வரும் ஒரு நினைப்பு எங்கே ஆரம்பிக்கிறது, அது வந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள், அதில் எதை மாற்றிப் பார்க்கலாம் என்று படிப்படியாகப் போவார். வீட்டில் செய்து பார்க்கச் சின்னச் சின்ன வேலையும் தருவார். இரண்டு மூன்று தடவை போன பிறகும் இவரோடு ஒட்டவே இல்லை என்று தோன்றினால் ஆளை மாற்றலாம். கவுன்சலிங்கையே விட்டுவிடாதீர்கள்.

மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாமே? தூக்க மாத்திரைதானே குடுக்குறாங்க?

கடையில் நான் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். மனச்சோர்வுக்கு (டிப்ரஷன்) தரும் மாத்திரையும் தூக்க மாத்திரையும் வேறு வேறு. மனச்சோர்வு மாத்திரை போதை தராது, அதற்கு அடிமையாக மாட்டீர்கள். ஆனால் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், படபடப்பு போன்ற தொந்தரவுதான் முன்னால் வரும், பலன் பின்னால்தான் வரும். அதனால்தான் "அஞ்சு நாள் போட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஆரம்ப நாட்களில் பதற்றம் கூடினாலோ, சாகும் எண்ணம் அதிகமானாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், குறிப்பாக இளம் வயதினர். உடனடித் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மாத்திரைகள் பழக்கமாகிவிடக் கூடியவை. அவற்றைக் குறைந்த நாட்களுக்குத்தான் தருவார்கள். சீட்டு இல்லாமல் அதைக் கேட்டு யார் வந்தாலும் நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது. முதல்முறை மனச்சோர்வு என்றால், சரியான பிறகும் பல மாதம் தொடர்ந்து சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் குறைத்து நிறுத்தலாம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருமுனை மனநோய் (பைபோலார்) போன்றவற்றுக்கு நீண்ட காலம் வேண்டியிருக்கலாம், சர்க்கரைக்குச் சாப்பிடுவதுபோல. எதுவானாலும் நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று உடம்பு அடம்பிடிக்கும், நோயும் திரும்ப வரும். தொந்தரவு தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்ற முடியும்.

வெளிய தெரிஞ்சா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகுமா?

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மேலே சொன்ன 2017 சட்டப்படி, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டியது சிகிச்சை தருபவரின் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகளில் மட்டும், தேவையான அளவுக்குச் சொல்லலாம். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் பக்கத்து ஊர் மருத்துவமனைக்குப் போங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தவறில்லை.

ஆனால் கல்யாண விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மறைத்துக் கட்டிக்கொடுக்காதீர்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுத் தரச் சொல்லி ஒரு பெண் என்னிடம் கேட்டிருக்கிறாள். புகுந்த வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நாள் தவறவிட்டு, நோய் திரும்பி, அதற்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது, மிக மோசமான விதத்தில். சிகிச்சையில் நன்றாக இருக்கும்போது, டாக்டரையும் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டில் சொல்லிக் கல்யாணம் நடந்த பெண்ணையும் எனக்குத் தெரியும். அவள் என் கடைக்குக் கணவரோடு வந்து மாத்திரை வாங்குகிறாள்.

"செத்துடுவேன், செத்துடுவேன்"ங்கிறான். சும்மா மிரட்டுறானா, நெசமாவா?

நிஜம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "சொல்றவன் செய்ய மாட்டான்" என்பது தவறான நம்பிக்கை. உயிரை விட்டவர்களில் பலர் முன்பே யாரிடமாவது ஏதாவது சொல்லியிருக்கிறார்கள். நேரடியாகச் சொல்லாமலும் இருக்கலாம்: "நான் இல்லன்னா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்பது, பிடித்த பொருளை எடுத்துக் கொடுப்பது, கடன் கணக்கை ஒப்படைப்பது, பல நாள் துவண்டு கிடந்தவர் திடீரென்று அமைதியாவது.

நேராகக் கேளுங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று அதே சொல்லில் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்ட பிறகு நிம்மதியாக மூச்சு விட்டவர்கள்தான் அதிகம். அவர் பேசும்போது இடையில் புத்தி சொல்லாதீர்கள். "அம்மாவை நெனச்சுப் பாத்தியா" என்ற பேச்சு குற்ற உணர்ச்சியைத்தான் கூட்டும். இப்படிக் கேட்பதற்கென்றே சென்னையில் சினேகா என்ற அமைப்பு இருக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கியது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் பேசுவார்கள், பேசுவது ரகசியமாக இருக்கும், கட்டணம் கிடையாது. எண் 044-24640050. இந்த எண் கிடைக்காத நேரத்தில் 14416.

இன்னிக்கு ராத்திரியே பயமா இருக்கு. இப்ப என்ன பண்றது?

தனியாக விடாதீர்கள், ஒரு நிமிடம்கூட. வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து, மிச்சமான மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டே வெளியே கொண்டுபோய்விடுங்கள். சாக வேண்டும் என்ற அந்த வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றிவிடும். விவசாய வீடுகளில் இதை எப்போதுமே செய்ய வேண்டும். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

அப்புறம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் இருக்கும். மனநல மருத்துவர் அந்த நேரத்தில் இல்லாவிட்டாலும், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர நிலையில் முதல் சிகிச்சை தரலாம் என்று சட்டம் சொல்கிறது. ஏதாவது குடித்துவிட்டார், சாப்பிட்டுவிட்டார் என்ற சந்தேகம் இருந்தால் பேசிக்கொண்டிருக்காமல் உடனே 108. வாந்தி எடுக்க வைக்கும் நாட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். என்ன குடித்தாரோ அதன் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பார்க்க நன்றாக இருக்கிறாரே என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், சில விஷங்கள் ஓரிரு நாள் கழித்துத்தான் காட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமே?

இந்தப் பயத்தில் கூட்டிப்போகாமல் விட்டு இழந்த உயிர்கள் உண்டு, அதனால் தெளிவாகச் சொல்கிறேன். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவே இல்லை. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், போலீஸ் வந்து என்ன நடந்தது என்று கேட்கலாம். நடந்ததைச் சொல்லுங்கள். மனக்கஷ்டத்தில் இப்படிச் செய்து பிழைத்தவருக்குத் தண்டனை என்பது இல்லை.

எனக்கென்ன பைத்தியமான்னு கத்துறாரு. வரவே மாட்டேங்கிறாரு. எப்படிக் கூட்டிட்டுப் போறது?

நோயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அவருக்கே தொந்தரவாக இருப்பது எது என்று பாருங்கள். தூக்கம் வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது, சாப்பிட முடியவில்லை. "தூக்கத்துக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்" என்பது பொய்யில்லை. அவர் மதிக்கும் ஒருவர், ஒரு மாமாவோ பழைய வாத்தியாரோ, சொன்னால் வருவார். அவர் வரும்வரை நீங்கள் மட்டுமாவது மருத்துவரையோ 14416-ஐயோ கேளுங்கள். மருந்தைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாம். அளவு தவறும். தெரியவரும் நாளில் நீங்கள் தரும் சோற்றையும் அவர் நம்ப மாட்டார்.

தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலை, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால், அவர் சம்மதம் இல்லாமலும் சேர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவருடைய நியமனப் பிரதிநிதியின் (பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர்) வேண்டுகோளின் பேரில், ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்த பிறகு, முதலில் அதிகபட்சம் 30 நாள். அதற்குமேல் தேவையென்றால் தனி நடைமுறை உண்டு. இது கடைசி வழி. என் தம்பியை அப்படித்தான் சேர்த்தோம். ஒரு வருடம் எங்களோடு சரியாகப் பேசவில்லை. இப்போது பேசுகிறான்.

செய்வினைன்னு மாமியார் சொல்றாங்க. கோயில்ல கொண்டு போய் விட்டா சரியாகுமாம்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ சர்ச்சுக்கோ போகக் கூடாதென்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் அம்மா குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் வந்ததில் அவருக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. போங்கள், கூடவே மருந்தையும் கொடுங்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவில் தொழ வருபவர்களுக்கு அங்கேயே மனநலச் சிகிச்சையும் தரும் ஏற்பாட்டை அரசு செய்தது. மாமியாரோடு வாதாடுவதைவிட "ரெண்டும் செய்வோம் அத்தை" என்று சொல்வது வேலைக்காகும்.

விட்டுவிட்டு வருவதும், கட்டிப்போடுவதும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. அது வீட்டுத் திண்ணைக்கும் பொருந்தும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தை பொறந்து ஒரு மாசம்தான் ஆகுது, அழுதுகிட்டே இருக்கா. திருஷ்டியா?

பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதற்குமேலும் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால், "நான் நல்ல அம்மா இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். தடுப்பூசிக்குப் போகும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செவிலியரிடம் சொல்லுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கும் ஏற்ற மருந்துகள் இருக்கின்றன.

குழந்தையைப் பற்றிப் பயங்கரமாக ஏதாவது பேசினால், இல்லாத குரல் கேட்டால், நாள்கணக்கில் தூங்காமல் உளறினால், அது அவசரம். குழந்தையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, தாயை அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சரியான நேரத்தில் பார்த்தால் நன்றாகக் குணமாகும்.

பையன் பிளஸ் டூ. ரிசல்ட் வர்றதுக்குள்ள ஏதாவது பண்ணிக்குவானோன்னு இருக்கு.

முதலில் நீங்கள் மார்க் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள், உறவினர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். ரிசல்ட் நாளில் யாராவது ஒருவர் அவனோடு வீட்டில் இருங்கள். மாணவர்கள் 104-இலும் 14416-இலும் பேசலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு எந்த ஆபத்து என்றாலும் 1098. மற்றதெல்லாம் மேலே "சும்மா மிரட்டுறானா" என்ற கேள்விக்குச் சொன்னதுதான், வயது குறைந்தவர்களிடம் அந்த வேகம் இன்னும் கூடுதல்.

எல்லாத்துக்கும் காரணம் குடி. குடிய நிறுத்துறதுக்கு ஏதாவது மாத்திரை குடுங்க தங்கச்சி.

கடையில் தர மாட்டேன், வேறெங்கும் ரகசியமாக வாங்கிக் கலக்காதீர்கள். நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவே இதையும் பார்க்கும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. வீட்டில் அடி விழுகிறது என்றால் அது வேறு பிரச்சினை, அதற்கு 181 பெண்கள் உதவி எண்.

போன் பண்ணேன், ஒண்ணும் புரியல. ஆஸ்பத்திரிக்கும் போனேன், ரெண்டு நிமிஷம்கூடப் பேசல. இனிமே போக மாட்டேன்.

எங்களுக்கும் இது நடந்தது. நாங்கள் முதலில் போன இடத்தில் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சீட்டு எழுதினார்கள். அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தக் கோபத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டால் நஷ்டம் நோயாளிக்குத்தான். 14416-ஐ வேறு நேரத்தில் அழைத்தால் வேறொருவர் எடுப்பார். மருத்துவமனையில் வேறு கிழமையில் வேறு மருத்துவர் இருக்கலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். டாக்டரைவிட அவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். எங்களை அந்த வாசலிலிருந்து எழுப்பிச் சரியான அறைக்கு அனுப்பியதும் அப்படி ஒரு சமூகப் பணியாளர்தான்.

பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா, அழுக்குத் துணியோட, தனக்குத்தானே பேசிக்கிட்டு இருக்காங்க. என்ன செய்யலாம்?

சாப்பாடு கொடுத்துவிட்டு நகர்வதோடு விடாதீர்கள். காவல் நிலையத்தில் சொல்லுங்கள். இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அவர்கள் சட்டப்படி செய்ய வேண்டிய வேலை, அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. சென்னையில் இப்படிப்பட்ட பெண்களுக்காகவே 1993-இல் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பு பலரைக் குணப்படுத்திச் சொந்த ஊருக்கே அனுப்பியிருக்கிறது.

எங்க சொந்தக்காரங்க யாழ்ப்பாணத்துல இருக்காங்க. அவங்களுக்கு?

இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற அமைப்பு பல வருடமாக உளவளத்துணை (கவுன்சலிங்கை அங்கே அப்படிச் சொல்வார்கள்) செய்கிறது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் 1767-ஐ அழைக்கலாம்.

எல்லாம் அவனுக்குச் சொல்றீங்க. கூட இருந்து பாத்துக்கிற எனக்கு யாரு இருக்கா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள், இல்லாவிட்டால் மனைவிகள். சென்னையில் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு போன்ற இடங்களில் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறார்கள். 14416-இல் உங்களுக்காகவே பேசலாம், "என் பையனுக்கு" என்று ஆரம்பிக்காமல் "எனக்கு முடியல" என்று ஆரம்பியுங்கள். நீண்ட நாள் நோய் என்றால், மனநோயும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால் சில உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

வாரத்தில் ஒரு வேளையாவது அவரைப் பார்த்துக்கொள்ள வேறொரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் வீட்டில் வியாழக்கிழமை மத்தியானம் தம்பி என்னோடு கடைக்கு வந்துவிடுவான். பெட்டிகளைப் பிரித்து அடுக்குவான். அம்மா அந்த இரண்டு மணி நேரம் தூங்குவார்.